கதவு மூடியிருந்த நாள்களின் கேள்விகள்

பங்குத்தந்தையிடம் கேளுங்கள்: 2020-இல் தொடங்கிய கொரோனா காலத்தில் வந்த கேள்விகளும் அன்று தந்த பதில்களும்

கேள்வி: ஃபாதர், எனக்கு 74 வயது. சர்க்கரையும் மூச்சிரைப்பும் இருப்பதால் பிள்ளைகள் இன்னும் என்னைக் கோவிலுக்கு அனுப்புவதில்லை. ஓராண்டுக்கு மேலாக ஞாயிறு பூசையைக் கைப்பேசியில்தான் பார்க்கிறேன். குரு அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்தின்போது அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் முழந்தாளிடலாமா? பூசை காணாத பாவம் என் கணக்கில் ஏறிக்கொண்டே போகிறதா?

பதில்: அம்மா, உங்கள் கணக்கில் எதுவும் ஏறவில்லை. இன்றிரவு நிம்மதியாகத் தூங்குங்கள். உடல்நலம் போன்ற கனமான காரணத்தால் போக முடியாதவரை ஞாயிறு கடமை கட்டுப்படுத்தாது. அப்படிப்பட்டவர்கள் தனியாகவோ குடும்பமாகவோ உரிய நேரம் ஜெபத்தில் செலவிடும்படி திருச்சபைச் சட்டம் 1248, இரண்டாம் பத்தியில் பரிந்துரைக்கிறது. கவனியுங்கள், பரிந்துரைதான். ஆகவே நேரலை பார்ப்பதை விட்டுப்போன பூசைக்குக் கட்டும் தவணையாக நினைக்க வேண்டாம். ஜெபிக்க அது ஒரு துணை, அவ்வளவே. நெட்வொர்க் பாதியில் அறுந்துவிட்டால் பதறாதீர்கள், ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முழந்தாளிடலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக. அந்த நிமிடம் எங்கோ ஒரு பீடத்தில் ஆண்டவர் உண்மையாகவே இருக்கிறார், உங்கள் முழங்கால் அவருக்கு மடங்குகிறது. வலி பொறுக்கவில்லை என்றால் உட்கார்ந்தபடியே தலையைத் தாழ்த்துங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பூசை நடக்கும் நேரத்திலேயே பாருங்கள். பதிவைப் பிற்பகலில் போட்டுவிட்டு வீட்டு வேலைக்கு நடுவே காதில் வாங்குவது வேறு விஷயம்.

திரைக்கு அந்தப் பக்கம் நின்றவன் நான். அங்கே எப்படி இருந்தது என்று சொல்கிறேன். 2020-இல் கதவை மூடிக்கொண்டு நிறைவேற்றிய முதல் ஞாயிறு பூசையில் கோவிலுக்குள் நான்கே பேர்: நான், கோவில் வேலை பார்க்கும் கோவில்பிள்ளை, வாசகம் வாசித்த ஒரு சிஸ்டர், கைப்பேசியை முக்காலியில் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த பையன். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று கையை விரித்தேன். கோவில் நிறைய எழும் பதில் கோவில்பிள்ளையின் கரகரத்த ஒற்றைக் குரலாக வந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. முதல் பெஞ்சில் தூணை ஒட்டி எப்போதும் ஒரு பாட்டி உட்காருவார். அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டேதான் மீதிப் பூசையை முடித்தேன். உங்களைப் போன்ற ஒவ்வொருவரையும் நினைத்துத்தான் அன்று அப்பத்தைக் கையில் எடுத்தேன்.

அப்பம் பகிரும் நற்கருணை நேரத்தில் ஆன்மிக நற்கருணை ஜெபம் சொல்கிறீர்களா? புனித அல்போன்ஸ் லிகோரி தந்த ஜெபம் சின்னதுதான். "இப்போது உம்மை அருளடையாளமாகப் பெற முடியாததால், ஆன்மிக முறையிலாவது என் உள்ளத்தில் வாரும்" என்பது அதன் உயிர். ஆசை பெரிதாக இருந்தால் அந்த ஜெபம் பெரிது. அந்த ஆசையை மட்டும் ஆறவிடாதீர்கள். திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கானில் தாம் தங்கியிருந்த சாந்தா மார்த்தா இல்லத்தில் நிறைவேற்றிய காலைப் பூசை 2020 மார்ச் 9 முதல் மே 17 வரை நேரலையில் வந்தது. அதே நேரலையில் ஏப்ரல் 17 அன்று அவரே எச்சரித்தார். திருச்சபை என்றால் திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருளடையாளங்களோடும் மக்களோடும் சேர்ந்தது, இப்போது சுரங்கத்துக்குள் இருக்கிறோம், வெளியே வருவதற்காகத்தான் இருக்கிறோம், இங்கேயே தங்கிவிட அல்ல என்று. மருத்துவர் சரி என்று சொல்லும் நாளில் வாருங்கள் அம்மா. தூணை ஒட்டி இடம் வைத்திருப்போம்.

கேள்வி: என் அப்பா 2020-இல் மருத்துவமனைத் தனிப்பிரிவில் இறந்தார். குருவானவரை உள்ளே விடவில்லை. பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் இல்லை, எண்ணெய் பூசும் நோயில்பூசுதல் இல்லை, நற்கருணை இல்லை. உடலைக் கோவிலுக்குள் கொண்டுவரவும் முடியவில்லை. கல்லறையில் ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஒருநாள் விடாமல் ஜெபமாலை சொன்ன மனிதர், எதுவும் இல்லாமல் போய்விட்டாரே என்ற எண்ணம் என்னைத் தின்கிறது.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேசைமேல் வைத்துக்கொண்டு ஜெபித்தேன். பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

உங்கள் அப்பா எதுவும் இல்லாமல் போகவில்லை. உங்களைத் தேற்றுவதற்காக நானாகச் சொல்வது என்று நினைக்காதீர்கள், திருச்சபை எழுத்தில் வைத்திருப்பதைத்தான் சொல்கிறேன். 2020 மார்ச் 20 அன்று, பாவமன்னிப்பு சார்ந்தவற்றைக் கவனிக்கும் வத்திக்கான் முறைமன்றம் ஓர் ஆணை வெளியிட்டது. நோயில்பூசுதலும் வழித்துணையாகத் தரும் நற்கருணையும் பெற முடியாமல் சாகும் தறுவாயில் கிடக்கும் விசுவாசிகளுக்கு, சாவு வேளையில் பரிபூரண பலனை, அதாவது மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கு மீதியிருக்கும் தண்டனை முழுவதும் நீங்கும் வரத்தை, அது வழங்கியது. கேட்டது இரண்டுதான்: மனம் கடவுள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்; வாழ்நாளில் வழக்கமாக ஏதேனும் ஜெபம் சொல்லியிருக்க வேண்டும். பரிபூரண பலனுக்கு எப்போதும் சொல்லப்படும் பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காக ஜெபம் என்ற மூன்றையும் திருச்சபையே ஈடுசெய்யும் என்றும் அதில் இருக்கிறது. "ஒருநாள் விடாமல் ஜெபமாலை" என்று எழுதினீர்களே, அந்த ஆணை யாரை மனதில் வைத்து எழுதப்பட்டதோ அவர்களில் ஒருவர்தான் உங்கள் அப்பா.

நம் தாத்தா பாட்டிகள் 'உத்தம மனஸ்தாபம்' என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். தண்டனைக்குப் பயந்து வருந்துவதைவிட மேலானது அது, கடவுள்மேல் உள்ள அன்பினால் வரும் வருத்தம். வாய்ப்புக் கிடைத்ததும் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியோடு அப்படி வருந்துகிறவருக்குச் சாவான பாவமும், அதாவது மிகக் கனமான பாவமும், மன்னிக்கப்படும் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 1452-ஆம் எண்ணில் கற்பிக்கிறது. அப்பாவின் கடைசி மணி நேரங்களில் அவருக்கும் ஆண்டவருக்கும் இடையே என்ன நடந்தது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்த கடவுள், தாம் தம் அருளடையாளங்களுக்குள் கட்டுண்டவர் அல்லர் என்று அதே நூல் 1257-ஆம் எண்ணில் சொல்கிறது. நாற்பது ஆண்டு எண்ணெய்ச் சிமிழோடு படியேறி இறங்கியவன் நான். இந்த வரி இல்லாவிட்டால் அந்த ஆண்டு என்னால் தூங்கியிருக்க முடியாது.

ஒரு முறை என்னை உள்ளே விட்டார்கள். கண்ணாடி, இரண்டு முகக்கவசம், இரட்டைக் கையுறை, உடல் முழுக்க மூடும் அங்கி. நெற்றியில் விரலால் பூசக்கூடாது என்றார்கள். கனமான காரணம் இருந்தால் கருவி கொண்டு பூசலாம் என்று சட்டம் 1000 இடம் தருகிறது. செவிலியர் ஒரு இடுக்கியை நீட்டினார். அதன் நுனியில் பஞ்சு, பஞ்சில் எண்ணெய். நாற்பது ஆண்டில் முதல் தடவையாக ஒரு நோயாளியின் தோல் சூடு என் விரலுக்குத் தெரியவில்லை. பஞ்சு பட்டதும் அந்த அம்மாவின் நெற்றி சுருங்கி விரிந்தது. அதை மட்டும் பார்த்தேன். பிறகு அந்தப் பஞ்சை எரித்துவிட்டேன்.

இன்னொரு முறை விடவே இல்லை. ஒரு செவிலியர் தன் கைப்பேசியை நோயாளியின் காதருகே பிடித்தார். கைப்பேசி வழியாகப் பாவமன்னிப்பு கொடுக்க எனக்கு வழியில்லை. அதனால் உத்தம மனஸ்தாப ஜெபத்தை வரி வரியாகச் சொன்னேன், ஒவ்வொரு வரிக்கும் நடுவே அவர் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. கடைசியில் 'ஆமென்' சொன்னது அந்தச் செவிலியர். அவர் என்ன மதம் என்று எனக்குத் தெரியாது. ஒரு குருவானவர் வர முடியாத இடத்தில் ஆண்டவர் வேறு யாரையோ நிறுத்தியிருந்தார். உங்கள் அப்பாவின் கட்டிலருகிலும் கையுறை போட்ட ஒரு கை இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. அன்று கோவிலுக்குள் கொண்டுவர முடியாததால் அடக்கத் திருப்பலி கைநழுவிப் போனதாக நினைக்காதீர்கள். அப்பாவின் ஆன்மாவுக்காகக் குடும்பமாகக் கூடி ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள். ஆண்டு கடந்தாலும் அதற்குக் காலம் கடந்ததாகக் கணக்கில்லை. அவருடைய படத்தைக் கொண்டுவாருங்கள். யாராவது ஒருவர் அவர் வாழ்க்கையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசட்டும். அன்று ஐந்து நிமிடத்தில் அழ முடியாத அழுகையை இந்தப் பூசை நாளில் அழுங்கள். நவம்பர் முதல் எட்டு நாளில் கல்லறைக்குப் போய் இறந்தோருக்காக ஜெபித்தால் அவர்களுக்குப் பரிபூரண பலன் உண்டு. கூட்டம் சேரக்கூடாது என்று 2020-இல் அதை மாதம் முழுக்க நீட்டினார்கள். அந்தச் சலுகை உங்கள் அப்பாவைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்காகவும்தான்.

கேள்வி: வீடியோ அழைப்பில் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா?

பதில்: செல்லாது. அருளடையாளத்துக்கு இருவரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று வத்திக்கான் 2002-லேயே எழுதிவிட்டது. ஆறுதலும் ஆலோசனையும் வேண்டுமென்றால் எந்த நேரமும் அழையுங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு வாருங்கள். கோவில் முற்றத்தில் ஆறடி இடைவெளியில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறோம், அடுத்தவர் காதில் விழாத தூரத்தில்.

கேள்வி: கோபமாகத்தான் எழுதுகிறேன், சாமி. கொள்ளைநோய் வந்தபோது நம் முன்னோர் கோவிலுக்கு ஓடினார்கள். நீங்கள் கதவைப் பூட்டினீர்கள். இதுதான் விசுவாசமா?

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, அதில் அன்பு இருக்கிறது. சாவியைத் திருப்பிய கை என்னுடையது. அந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. சில நாள் கழித்து வாசலில் இருந்த தீர்த்தத் தொட்டியைத் தடவிப் பார்த்தேன். தண்ணீர் வற்றிய இடத்தில் வெள்ளையாக ஒரு உப்புக் கோடு விரலில் ஒட்டியது. அங்கேயே நின்று அழுதேன்.

ஆனால் முன்னோர் பற்றி நீங்கள் சொல்வது பாதிதான். 1576-இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் பிடித்தது. அங்கே பேராயராக இருந்தவர் புனித சார்லஸ் பொரோமியோ. மக்கள் வீட்டுக்குள் அடைக்கப்பட்டபோது அவர் தெருச் சந்திப்புகளில் பீடங்கள் அமைத்தார். மக்கள் சன்னலில் நின்று பூசை கண்டார்கள். மணி அடிக்கும்போது வீட்டு வாசலிலும் சன்னலிலும் நின்று ஒருவருக்கொருவர் பதிலாக மன்றாட்டுச் சொன்னார்கள். அவர் நோயாளிகளைத் தேடிப் போனார், விதிகளையும் மதித்தார். இரண்டும் சேர்ந்துதான் அவருடைய விசுவாசம்.

2020 மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த வெறிச்சோடிய பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக நடந்து வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1522-இல் கொள்ளைநோயின்போது உரோமைத் தெருக்களில் பவனியாகக் கொண்டுபோன புனித மார்செல்லோ ஆலயச் சிலுவை அன்று அங்கே இருந்தது. பிறகு நற்கருணைக் கதிர்ப்பாத்திரத்தை எடுத்து அந்த வெற்றுச் சதுக்கத்தை நோக்கி ஆசி வழங்கினார். எதிரே ஆள் இல்லை, ஆனால் உலகமே வீட்டுக்குள் முழந்தாளில் இருந்தது.

எங்கள் தவறு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கதவை மூடியதோடு எங்களில் பலர் கைப்பேசி எண்ணையும் மூடிவிட்டோம். தனியாக இருக்கும் முதியவர்களைத் தினமும் அழைத்துப் பேச எங்கள் பங்கில் ஆள் போட மூன்று வாரம் ஆனது. அது முதல் நாளே நடந்திருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பாட்டி நற்கருணையைக் கையில் வாங்க மறுக்கிறார். "என் அழுக்குக் கையால் ஆண்டவரைத் தொடமாட்டேன்" என்கிறார். நாவில் கொடுக்க இப்போது அனுமதி இல்லை. அதனால் பூசைக்கு வந்தும் உட்கார்ந்தே இருக்கிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அந்த நடுக்கம் புனிதமானது. எனக்கே அது குறைந்துவிடக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நாவில் வாங்குவது அவருடைய உரிமைதான். நோய்ப்பரவல் தணியும் வரை எங்கள் ஆயர் அதை நிறுத்தி வைத்திருக்கிறார், நான் மீற மாட்டேன்.

பாட்டியிடம் ஒன்று சொல்லுங்கள். கையில் வாங்குவது நேற்று வந்த பழக்கம் என்று அவர் நினைக்கிறார். 1969-இல் ஆயர் பேரவைகள் கேட்டால் அனுமதிக்கலாம் என்று உரோமை சொன்னபிறகு பரவியது என்பது உண்மை. ஆனால் நான்காம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் புனித சிரில் பெயரால் வழங்கும் மறைபோதகத்தைக் கேளுங்கள்: அரசரை ஏற்கப் போகும் வலக்கைக்கு இடக்கையை அரியணையாக்கு, உள்ளங்கையைக் குழித்து வாங்கி ஆமென் சொல். ஒரு துணுக்கும் விழாமல் பார்த்துக்கொள், யாராவது பொன்துகள் தந்தால் எப்படிப் பிடிப்பாயோ அப்படி.

இதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசித்துவிட்டு அவர் கைகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டுங்கள். அந்தக் கைகள் எத்தனை பிள்ளைகளைத் தூக்கின, எத்தனை பேருக்குச் சோறு போட்டன என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியும் மனம் வரவில்லை என்றால் கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு வரிசையில் வரட்டும். ஆசி கொடுக்கிறேன். ஆன்மிக நற்கருணை ஜெபத்தை என் எதிரே நின்றே சொல்லட்டும், நான் அவசரப்படுத்த மாட்டேன். பின்னால் நிற்பவர்கள் தரையில் ஒட்டிய கோட்டில் காத்திருப்பார்கள்.