நாள்பட்ட இடுப்பு வலிக்கு மசாஜ் மட்டும் போதுமா?

அம்மா பல வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர், இடுப்பு வலி விடவே இல்லை, மாத்திரையை நிறுத்திவிட்டு மசாஜ் மட்டும் செய்து பார்க்கலாமா, ஊட்டிக் கடைகளில் விற்கும் தைலங்களில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மசாஜ் செய்யுங்கள். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நான் கோத்தகிரி பக்கம். என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே வைத்து நின்று, குனிந்தபடியே பறித்து, அந்தச் சுமையோடு எடை போடும் இடம் வரை நடக்க வேண்டும். இடுப்பு என்னாகும்! பனிக் காலத்தில் காலையில் கட்டிலை விட்டு எழவே அவருக்கு நேரமாகும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நானோ தங்கையோ நீவி விடுவோம். அன்றைக்கு நன்றாகத் தூங்குவார். எனக்கு அதுவே பெரிய விஷயமாகப் பட்டது. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும், வலி கூடினால் தூக்கம் மறுபடி கெடும்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதைத்தான் நாள்பட்ட வலி என்கிறார்கள். வலிக்குப் பயந்து தசைகள் இறுகியே கிடக்கும், நரம்புகளும் சின்ன விஷயத்துக்கெல்லாம் வலியைக் கிளப்பப் பழகிவிடும். மசாஜ் இந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது. தேய்ந்த மூட்டையோ விலகிய டிஸ்க்கையோ அது சரி செய்யாது. 2011-இல் அமெரிக்காவில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 401 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. வாரம் ஒருமுறையாக 10 வாரம் மசாஜ் செய்துகொண்டவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். மென்மையாக நீவியதற்கும் குறிப்பிட்ட தசையைப் பார்த்து அழுத்தியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆறு மாதம்வரை பலன் தெரிந்தது, ஒரு வருடத்தில் பெரும்பாலும் மங்கிவிட்டது.

அதனால் மசாஜுக்குப் பிறகு வலி குறைந்திருக்கும் நேரத்தை வீணாக்காதீர்கள். அம்மாவைக் கொஞ்சம் நடக்க வையுங்கள், பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்த பயிற்சியை அப்போது செய்யச் சொல்லுங்கள். நீண்ட காலத்துக்குக் கைகொடுப்பது அந்த அசைவுதான்.

நீவும்போது பலத்தைக் காட்ட வேண்டாம். முதுகெலும்பின் மேலே அழுத்தாமல் இரண்டு பக்கத் தசைகளை மட்டும் நீவுங்கள். சுளுக்கு எடுக்கிறேன் என்று முதுகில் ஏறி மிதிப்பவர்களிடம் தயவுசெய்து வயதானவர்களைக் கொண்டுபோகாதீர்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருக்கலாம், முறிந்தே போகும்.

தைலத்துக்கு வருகிறேன். இந்த மலையில் யூகலிப்டஸ் தைலமும் வின்டர்கிரீன் தைலமும் எல்லாக் கடையிலும் கிடைக்கும். எதையும் அப்படியே தேய்க்காமல், தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ சில சொட்டு கலந்துகொள்ளுங்கள். வின்டர்கிரீனில் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் வகையறா. வார்ஃபரின் போல ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது, ரத்தக்கசிவு வரலாம். தைலம் தேய்த்த இடத்தில் ஒத்தடமும் வேண்டாம். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் பாட்டிலைப் பூட்டி வையுங்கள். குழந்தை ஒரு டீஸ்பூன் குடித்தாலே உயிருக்கு ஆபத்து.

காலில் பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை இறங்குவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இதில் ஏதாவது இருந்தால் மசாஜ் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்து பாதம் மரத்துப் போயிருந்தால் வெந்நீர் ஒத்தடமும் கூடாது, சூடு தெரியாமல் வெந்துவிடும்.

அவரால் வெளியே போக முடியவில்லை என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். வருபவரிடம் உங்கள் கையைப் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள், எங்கே எவ்வளவு அழுத்தலாம் என்று காட்டித் தருவார்.