நண்பர்களோடு வீட்டில் போக்கர் ஆட எவ்வளவு பணம் வைப்பது? மனஸ்தாபம் வராமல் எப்படி நடத்துவது?

கேட்டவரின் நிலவரம் இது: மாதம் ஒருமுறை எட்டு நண்பர்கள் கூடி டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகை ஆடப் போகிறார்கள். வருமானம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் கைதேர்ந்தவர், இரண்டு பேருக்கு இப்போதுதான் பழக்கம். யாருக்கும் கையைக் கடிக்கக் கூடாது, ஆட்டம் சப்பென்றும் போகக் கூடாது.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். எல்லோரும் "பிளைண்ட் எவ்வளவு வைக்கலாம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் முறை வைத்துக் கட்டாயமாகப் போடும் தொகை; அது கடைசியில் வர வேண்டிய எண். முதலில் தெரிய வேண்டியது, ஓர் இரவு முழுக்கத் தோற்றாலும் மறுநாள் மனதில் நிற்காத தொகை எது என்பது. இதைக் குழுவில் பொதுவாகக் கேட்காதீர்கள். நாலு பேர் முன்னால் யாரும் குறைத்துச் சொல்ல மாட்டார்கள், கௌரவம் விடாது. தனித்தனியாகக் கேளுங்கள். வந்த எண்களில் மிகச் சிறியதை எடுங்கள். அது யார் சொன்னது என்பது உங்களோடு இருக்கட்டும்.

அந்தத் தொகை 600 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் விகிதம் ஒன்றுதான். ஒரு பை-இன் (உட்காரும்போது சிப் வாங்கக் கொடுக்கும் பணம்), மேலே இரண்டு ரீபை (நடுவில் மறுபடி வாங்குவது), அதோடு சரி. அதாவது 600-ஐ மூன்றால் வகுத்தால் பை-இன் 200. அதை 100-ஆல் வகுத்தால் பிக் பிளைண்ட் 2, ஸ்மால் பிளைண்ட் 1. எட்டுப் பேர் மேசையில் ஒரு சுற்று வர, இரண்டு பிளைண்டும் ஒருமுறை போட, ஒருவருக்கு ஆகும் செலவு 3. கையால் கலைத்துப் போடும் வீட்டாட்டத்தில் மணிக்கு 25 கை (ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) போனால் அதிகம், அதாவது மூன்று சுற்று. ஒன்றுமே ஆடாமல் நாலு மணி நேரம் ஃபோல்டு செய்துகொண்டே (சீட்டைப் போட்டுவிட்டு விலகிக்கொண்டே) இருந்தாலும் 40-க்குள்தான் கரையும். புதியவருக்கு இதைச் சொல்லிவிடுங்கள். "எதையாவது ஆடியே ஆகணும்" என்ற பதற்றம் பாதி குறையும்.

உங்கள் மேசையில் புதியவர்கள் இருப்பதால், பிளைண்டை 1/2 என்றே வைத்து பை-இன்னை 100 ஆக்குவது இன்னும் நல்லது. 50 பிக் பிளைண்ட் ஆழம்தான் என்றால், அதாவது முன்னால் இருக்கும் சிப் பிக் பிளைண்டைப் போல் 50 மடங்குதான் என்றால், கடைசிச் சீட்டில் பெரிய தொகைக்கு முடிவெடுக்கும் நெருக்கடி குறைவாக வரும். தேர்ந்தவருக்கு இருக்கும் சாதகமும் அங்கேதான் குறையும், ஏனென்றால் ஆழமான ஸ்டாக்கில்தான், அதாவது முன்னால் சிப் நிறையக் குவிந்திருக்கும்போதுதான், அனுபவம் காசாகிறது.

ரொம்பக் குறைத்தாலும் ஆட்டம் கெடும். தொகை உப்புக்குப் பெறாது என்றால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் கால் (எதிராளி வைத்த தொகைக்கு ஈடு வைப்பது) போடுவார்கள், பிளஃப் (மோசமான சீட்டோடு ஏற்றி மிரட்டுவது) என்ற ஒன்றே செத்துப்போகும். பிறகு அலுத்துப்போய் யாராவது "கொஞ்சம் ஏத்திக்கலாமா?" என்பார். கிள்ளினால் உறைக்க வேண்டும், காயம் ஆகக் கூடாது. அந்த இடைவெளிதான் சரியான தொகை.

சிப் பங்கீடு பலரைக் குழப்புவது. 300 சிப் பெட்டியில் வெள்ளை 100, சிவப்பு 100, பச்சை 50, கறுப்பு 50 இருக்கிறது என்று கொள்வோம். மதிப்பு 1, 5, 25, 100. பை-இன் 200 என்றால் ஆளுக்கு வெள்ளை 10, சிவப்பு 8, பச்சை 6. எட்டுப் பேருக்கு 80, 64, 48 போக, கறுப்பு முழுசாக மிச்சம். ரீபை எடுப்பவருக்கு இரண்டு கறுப்பைக் கொடுத்து, சில்லறையைப் பக்கத்தில் குவித்து வைத்திருப்பவரிடம் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பை-இன்னை 100 ஆக்கினால் பச்சையில் மட்டும் நாலைக் குறைத்தால் போதும், ரீபைக்கு ஒரு கறுப்பு.

மனஸ்தாபத்தின் ஊற்றுக்கண் கடன். "சிப்பைக் கொடு, அப்புறம் தர்றேன்" என்று ஒருவர் சொல்லி, மற்றவர் தலையாட்டி, யாரும் எழுதாமல் விட்ட அந்த ஒரு ரீபைதான் இரவு ஒரு மணிக்குக் கணக்கில் துண்டு விழ வைக்கும். ஒரே ஒருவர் பேங்கர். பணம் கைக்கு வந்த பிறகுதான் சிப். ஒவ்வொரு பை-இன்னையும் நேரத்தோடு ஒரு தாளில் எழுதி, தாளை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். பேங்கரும் ஆடுபவர் என்றால் அவருடைய ரீபையை வேறொருவர் எழுதட்டும். சந்தேகத்துக்காக அல்ல, நடு ஆட்டத்தில் தன் ரீபையைத் தானே மறப்பது சகஜம்.

ரீபை தொடக்கத் தொகைக்கு மேல் போகக் கூடாது. முடிக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு ரீபை மூடப்பட வேண்டும். கடைசி அரை மணியில் எடுக்கும் ரீபை ஆடுவதற்கு அல்ல, விட்டதைப் பிடிப்பதற்கு. அதில் போனது மேலும் போகும், வாய் தடிக்கும்.

அடுத்தது மேசைப் பணம் என்ற விதி. ஒரு கை தொடங்கும்போது உங்கள் முன்னால் இருக்கும் சிப் மட்டுமே அந்தக் கைக்கு. பாதியில் பாக்கெட்டில் கைவிடக் கூடாது. ஜெயித்த சிப்பில் பாதியை எடுத்துப் பத்திரப்படுத்தவும் கூடாது. போகும்போது மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம். இந்த விதியை நடைமுறைப்படுத்தும்போதுதான் சைடு பாட் (பாட் என்றால் நடுவில் சேரும் பந்தயப் பணம், சைடு பாட் அதில் தனியாகப் பிரியும் பகுதி) வருகிறது, சைடு பாட்டில்தான் சண்டை வருகிறது. ஒருமுறை மேசையில் சிப்பை வைத்தே செய்து காட்டிவிடுங்கள்.

மூன்று பேர் ஆல்-இன், அதாவது முன்னால் உள்ள எல்லாச் சிப்பையும் வைத்துவிட்டார்கள். க-விடம் 60, ச-விடம் 150, ட-விடம் 200. மிகச் சிறிய தொகையிலிருந்து தொடங்க வேண்டும். மூவரிடமிருந்தும் 60 எடுத்தால் நடுவில் 180. அது மெயின் பாட், மூவருக்கும் உரிமை உண்டு. ச-விடம் மீதி 90. அதே அளவு ட-விடமிருந்தும் எடுத்தால் இன்னொரு 180. இது சைடு பாட், க-வுக்கு இதில் பங்கில்லை. ட-விடம் மிஞ்சிய 50-க்கு ஈடு கொடுக்க ஆளில்லை, அது அப்படியே அவரிடம் திரும்பும். சீட்டைத் திறந்ததும் முதலில் சைடு பாட்டை முடியுங்கள், பிறகு மெயின் பாட். வரிசையை மாற்றினால் மெயின் பாட்டை வென்றவர் எல்லாவற்றையும் வாரப் பார்ப்பார், தோற்றவர் சீட்டைக் கட்டில் செருகிவிடுவார். பிறகு யாருக்கு எது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

வேறு சில விதிகளையும் ஆட்டத்துக்கு முன்பே சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். வாயால் சொன்னது சொன்னதுதான்: தன் முறையில் "ரெய்ஸ்" என்றால் ரெய்ஸ், அதாவது தொகையை ஏற்றியே ஆக வேண்டும். எதுவும் சொல்லாமல் ஒரே ஒரு பெரிய சிப்பைப் போட்டால் அது கால் மட்டுமே. "நான் ஏத்தறதாத்தான் போட்டேன்" என்பது செல்லாது. கொஞ்சம் சிப்பைத் தள்ளி, எதிராளி முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளுவதும் கூடாது. ரெய்ஸ் என்றால் முந்தைய ஏற்றத்தின் அளவாவது இருக்க வேண்டும். ஒரு கையின் கடைசிப் பந்தயச் சுற்றில் கடைசியாக ஏற்றியவர் முதலில் சீட்டைக் காட்ட வேண்டும். திறந்து வைத்த சீட்டுதான் பேசும், வாயால் சொன்ன கை அல்ல: "ரெண்டு ஜோடி" என்று தவறாகச் சொன்னவரிடம் அதைவிடப் பெரிய ஃப்ளஷ் (ஒரே இனத்து ஐந்து சீட்டு) இருந்தால் ஃப்ளஷ்தான். பாட்டைச் சரிபாதியாகப் பிரிக்கும்போது மிஞ்சும் ஒற்றை சிப், பட்டனுக்கு (டீலர் இடத்தைக் காட்டும் வில்லை) இடப்பக்கம் முதலில் உட்கார்ந்திருக்கும் வெற்றியாளருக்கு.

இதில் எதுவும் மாற்றக்கூடாத வேதமில்லை. உங்கள் வீட்டு விதி வேறாக இருக்கலாம். ஆனால் நடுவில் பாட்-இல் 300 கிடக்கும்போது விதியை எழுதக் கூடாது. புதிதாக ஒரு சிக்கல் வந்தால், அந்தக் கையில் இல்லாத ஒருவர் முடிவு சொல்லட்டும். அன்றைக்கு அதுவே இறுதி, மறுமுறைக்கு வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.

தொகையை ஏற்றுவது பற்றிக் கறாராக இருங்கள். "கடைசி ஒரு மணி நேரம் பிளைண்டை இரட்டிப்பாக்கலாம்" என்பவர் அநேகமாகத் தோற்றுக்கொண்டிருப்பவர். அவருக்குச் சம்மதம் சொல்பவர் ஜெயித்துக்கொண்டிருப்பவர். நடுவில் இருப்பவர் வாய்திறக்க மாட்டார், அவர்தான் அடுத்த மாதம் வரமாட்டார். ஏற்றுவதென்றால் அடுத்த ஆட்டத்துக்கு, அதுவும் மறுபடி தனித்தனியாகக் கேட்டு, ஒருவர் வேண்டாம் என்றாலும் இல்லை. ஸ்ட்ராடில் (சீட்டைப் பார்க்கும் முன்பே பிக் பிளைண்டைப் போல் இரண்டு மடங்கு வைப்பது) போடுவதும் மறைமுகமாகத் தொகையை இரட்டிப்பாக்குவதுதான்.

ஒரே ஆள் மாதாமாதம் வாரிக்கொண்டு போகிறார் என்றால் அது அவர் குற்றமில்லை, ஆனால் ஆட்டம் உடையும். அதற்கு அமைப்பை மாற்ற வேண்டும். ஒரு வழி லிமிட் ஆட்டம், அதாவது பந்தயத்தின் அளவை முன்பே கட்டிப்போடுவது. 2/4 லிமிட்டில் (ஒரு கையின் முதல் இரண்டு பந்தயச் சுற்றில் பெட் 2, அடுத்த இரண்டில் 4) சுற்றுக்கு ஒரு பெட், மூன்று ரெய்ஸ் என்று கட்டினால், முதல் இரண்டு சுற்றில் 8, 8, அடுத்த இரண்டில் 16, 16. எவ்வளவு மோசமாக ஆடினாலும் ஒரு கையில் 48-க்கு மேல் போகாது. இன்னொரு வழி டோர்னமென்ட். போட்ட நுழைவுத் தொகைக்கு மேல் யாருக்கும் நஷ்டமில்லை. ஆளுக்கு 2000 சிப், பிளைண்ட் 10/20-இல் தொடங்கி 15/30, 25/50, 50/100, 75/150, 100/200, 150/300, 200/400, 300/600, 400/800 என்று 20 நிமிடத்துக்கு ஒரு படி. மொத்த சிப் 16,000. பிக் பிளைண்ட் அதில் இருபதில் ஒரு பங்கை எட்டும்போது ஆட்டம் தானாக முடிவுக்கு வரும், அது இங்கே பத்தாவது படி, அதாவது 3 மணி நேரத்திலிருந்து 3 மணி 20 நிமிடத்துக்குள். பரிசு 50, 30, 20 சதவீதம். சீக்கிரம் வெளியேறியவர் சுவரைப் பார்த்து உட்காராமல் இருக்க, ஓரமாக ஒரு சிறிய ஆட்டம் ஓடட்டும்.

மேசையில் கணவன் மனைவியோ, அண்ணன் தம்பியோ இருந்தால், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து ஆடுவதில்லை என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். மற்றவர்கள் காசு அதில் மாட்டுகிறது. தோற்ற கைக்கு அங்கேயே பாடம் எடுப்பதும் வேண்டாம். "அதுக்கு நீ கால் போட்டிருக்கவே கூடாது" என்ற வாக்கியம் சரியாக இருந்தாலும் அந்த நேரத்தில் அது உதவி இல்லை. சீக்கிரம் கிளம்ப வேண்டியவர் வரும்போதே நேரத்தைச் சொல்லிவிட்டால், ஜெயித்ததும் ஓடினார் என்ற பேச்சு வராது.

வீட்டுக்காரர் பாட்-இலிருந்து கமிஷன் எடுக்கக் கூடாது. நட்பு ஒருபுறம், பல இடங்களில் அது சூதாட்ட விடுதி நடத்துவதாகவே சட்டத்தில் ஆகிவிடும். காசு வைத்து ஆடுவதே உங்கள் ஊரில் அனுமதியா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிக்கும் நேரம் வந்ததும் "கடைசி ஒரு சுற்று" என்று அறிவித்து, பட்டன் முழுசாக ஒருமுறை சுற்றியதும் நிறுத்துங்கள். அவரவர் சிப்பை எண்ணி பக்கத்து ஆளும் ஒருமுறை எண்ண வேண்டும். மொத்தம் தாளில் உள்ள பை-இன் கூட்டலோடு பொருந்தாவிட்டால், பணம் கைமாறுவதற்கு முன் தேடுங்கள்: மேசைக்கு அடியில், சிப் பெட்டியில், எழுதாமல் விட்ட ரீபையில். கிடைக்காத சிறு வித்தியாசத்தை ஜெயித்தவர்கள் விகிதப்படி ஏற்பது என்று முன்பே பேசி வைத்திருங்கள். ரொக்கமாக வாங்காமல் ஃபோனில் அனுப்பிக்கொள்ளும் குழு என்றால், அதிகம் தோற்றவர் அதிகம் ஜெயித்தவருக்கு என்று வரிசையாக அடைத்துக்கொண்டு வாருங்கள். க +260, ச +40, ட −200, த −90, ப −10 என்றால்: ட க-வுக்கு 200, த க-வுக்கு 60, ச-வுக்கு 30, ப ச-வுக்கு 10. ஐந்து பேருக்கு நாலே பரிமாற்றம். எழுந்து செருப்பு மாட்டுவதற்குள் நாலும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.