வீடியோவை நிறுத்திவிட்டு வெளியே தேடச் சொல்லுங்கள்

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். கீழடி பத்தாயிரம் வருடப் பழமையானது என்று ஒரு மாணவன் கட்டுரை எழுதி வந்தான். தவறு என்றேன். "யூடியூப்ல படத்தோட போட்டிருக்காங்க மிஸ், மூணு லட்சம் பேர் பார்த்திருக்காங்க" என்கிறான். இணையத்தில் எதை நம்புவது என்று இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பையனை வகுப்பில் வைத்துத் திட்டிவிடாதீர்கள். அவன் தேடியிருக்கிறான்; முதலில் கிடைத்ததோடு நின்றுவிட்டான், அவ்வளவுதான்.

எழுத்துப்பிழை இருக்கிறதா பார், பக்கம் ஒழுங்காக இருக்கிறதா பார் என்றுதான் நாம் வழக்கமாகச் சொல்லித் தருகிறோம். இன்றைக்கு அது போதாது. பொய் சொல்கிற பக்கமும் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில் 10 வரலாற்று அறிஞர்கள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 கல்லூரி மாணவர்களிடம் சில இணையதளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். படித்த அறிஞர்களே பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. உடனே வேறு டேப்களைத் திறந்து, இதை நடத்துவது யார், இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். நம் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டியதும் இதைத்தான்.

கீழடியையே பாடமாக வையுங்கள். ஹைடெக் லேபில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டி, பாதியில் நிறுத்துங்கள். "இந்தப் பத்தாயிரத்தை யார் கணக்குப் போட்டது?" என்று கேளுங்கள். வீடியோவில் அதற்குப் பதில் இருக்காது. வெளியே தேடினால் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கை கிடைக்கும். அகழாய்வில் கிடைத்த ஆறு மாதிரிகள் காலத்தைக் கணிக்க அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின, 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒன்றின் காலம் கி.மு. 580 என்று வந்தது. அதாவது சுமார் 2,600 ஆண்டுகள். எந்த ஆழம், எந்த ஆய்வகம், யார் அறிக்கை என எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது பாருங்கள். அந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று அடுத்து கேட்கும்: "அறிஞர்களே சண்டை போடுறாங்களே மிஸ்?" உண்மைதான். கீழடியில் முதலில் அகழாய்வு நடத்திய தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா அதைப் பற்றி 2023-ல் கொடுத்த அறிக்கையைத் திருத்தித் தரும்படி இந்தியத் தொல்லியல் துறை 2025-ல் கேட்டது; அவர் தன் முடிவுகளில் உறுதியாக நின்றார். இதை மறைக்காமல் சொல்லுங்கள். அங்கே இரண்டு பக்கமும் மண்ணடுக்கையும் மாதிரியையும் வைத்துத்தான் வாதாடுகிறார்கள். பத்தாயிரம் என்பவரிடம் வைக்க ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒருநாள் கீழடி அருங்காட்சியகத்துக்கே கூட்டிப் போங்கள், மதுரையிலிருந்து பக்கம்தானே.

மழைக்காலத்தில் "நாளை மதுரை மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுமே, அது இன்னும் நல்ல பயிற்சி. போன வருடத்துச் செய்தி அட்டையைத் தேதி தெரியாமல் வெட்டி அனுப்பியிருப்பார்கள். ஆட்சியரின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் இருக்கிறதா, தேதி என்ன என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். நமக்குப் பிடித்த செய்தியைத்தான் சோதிக்காமல் நம்புகிறோம் என்பது லீவு விஷயத்தில் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்! படம் மட்டும் வந்தால் கூகுள் லென்ஸில் போட்டு, முன்பு எப்போது வந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். தேடலின் உச்சியில் ஏஐ தருகிற பதிலுக்கும் இதே கேள்விகள்தான்.

ஒரே ஒரு பயம் எனக்கு உண்டு. பொய்யை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தால், "எல்லாமே பொய்தான்" என்று பிள்ளைகள் கைகழுவிவிடுவார்கள். அது ஏமாறுவதைவிட மோசம். அதனால் உண்மையான செய்திகளையும் கலந்து கொடுத்து, "இதை நம்பலாம், ஏனென்றால்..." என்று எழுத வையுங்கள், அந்த 'ஏனென்றால்' பகுதிக்கே மதிப்பெண் போடுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் அனுப்பும் ஃபார்வர்டுகளைப் பற்றியும் கட்டாயம் கேட்பார்கள். குரூப்பில் எல்லார் முன்னாலும் "இது பொய்" என்று போட வேண்டாம். தனியாகப் போய், "பெரியப்பா, இது எந்த வருசத்து வீடியோன்னு சேர்ந்து பார்ப்போமா?" என்று கேட்கச் சொல்லுங்கள்.