பதில்: 'கேட்ச் எ ஃபயர்' ஆல்பத்தில் கிட்டார் சோலோ காணவில்லையா?

உங்கள் கோப்பில் கோளாறு எதுவும் இல்லை நண்பரே. பாப் மார்லியின் ரெகே குழுவான வெய்லர்ஸின் இந்த ஆல்பம் உங்கள் நண்பரிடம் இருப்பதில் 'காங்க்ரீட் ஜங்கிள்' பாட்டின் நடுவே நீண்ட கிட்டார் சோலோ (தனி வாசிப்பு) வருகிறது, உங்களுடையதில் இல்லை என்கிறீர்கள். உங்களிடம் இருப்பது ஜமைக்கா பதிப்பாகத்தான் இருக்க வேண்டும். 2001-இல் வந்த டீலக்ஸ் பதிப்பில் இரண்டு சிடி தட்டுகள். முதல் தட்டில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பதிவான மூல வடிவம், இரண்டாவதில் 1973-இல் வெளியான ஆல்பம். உங்கள் பாடல் பட்டியலில் 'ஹை டைட் ஆர் லோ டைட்' இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது முதல் தட்டு.

வெய்லர்ஸ் பதிவு செய்த நாடாக்களை ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல் லண்டனில் வைத்து, ராக் ரசிகர்களுக்கும் பிடிக்கும்படி மெருகேற்றினார். அந்த சோலோ நீங்கள் நினைப்பதுபோல் குழுவின் கிட்டார் கலைஞர் பீட்டர் டோஷ் வாசித்தது அல்ல. அலபாமாவைச் சேர்ந்த வெய்ன் பெர்கின்ஸ் லண்டனில் சேர்த்தது. கூடுதல் கீபோர்டு வாசித்தது 'ராபிட்' பண்ட்ரிக்.

எனக்கென்னவோ உங்களுடையதே பிடிக்கும். மேற்பூச்சு இல்லாததால் கார்ல்டன் பாரெட்டின் டிரம்ஸ் நன்றாகக் காதில் விழும். தாளத்தின் நான்கு அடிகளில் முதல் அடியை வெறுமனே விட்டுவிட்டு மூன்றாவதில் இறக்குவார் பாருங்கள்! ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்களில் பேஸ் கிட்டார் வாசித்தது அவருடைய அண்ணன் ஆஸ்டன். 'காங்க்ரீட் ஜங்கிள்' மட்டும் ராபி ஷேக்ஸ்பியர்.

அப்புறம், லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் பாதி காணாமல் போய்விடும். ஹெட்ஃபோன் போட்டு 'ஸ்டிர் இட் அப்' பாட்டின் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.