தொழில்பூங்கா யாருக்கு?

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் சூலூர் பக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஏழு வருடமாக ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. பேப்பரைத் திறந்தால் புதிய தொழில்பூங்கா அறிவிப்புதான். நம் கொங்கு நாடு அரசாங்கத்தை நம்பியா வளர்ந்தது? விவசாயக் காட்டை எடுத்து இதெல்லாம் தேவையா? இன்னொன்று, நானும் நண்பனும் கம்ப்யூட்டரால் இயங்கும் ஒரு சி.என்.சி. மெஷின் போடலாம் என்றிருக்கிறோம். பூங்காவில் மனை கேட்கலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நம் ஆட்கள் பாடுபட்டதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தானாகவே வளர்ந்தது என்பது பாதிதான் உண்மை. 1932-ல் நீலகிரி பைக்காராவிலிருந்து அரசின் நீர்மின்சாரம் மலையிறங்கி வராமல் இருந்திருந்தால் இத்தனை மில்லும், மில்லுக்கு உதிரிபாகம் வார்த்த பவுண்டரியும், கிணற்றுக்கு மோட்டாரும் ஏது? ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-லேயே கோவையில் மோட்டார் செய்தார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதை ஓட்டிய கரண்ட் அரசாங்கம் போட்டது.

தனி ஆளால் முடியாததை அரசு செய்ய வேண்டும், அவ்வளவுதான். திருப்பூரைப் பாருங்கள். சாயக்கழிவு நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணை வரை பாழாகி, கடைசியில் 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவே வெளியேறாத பொதுச் சுத்திகரிப்பை ஆரம்பத்திலேயே செய்திருந்தால் ஆறும் பிழைத்திருக்கும், அத்தனை பேர் வேலையும் தப்பியிருக்கும். இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

நிலம் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். அன்னூரில் தொழில்பூங்காவுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் விடாமல் போராடியதால்தான் 2022 டிசம்பரில், விருப்பமில்லாத விவசாயியின் நிலத்தை எடுக்க மாட்டோம் என்று அரசு இறங்கி வந்தது. தண்ணீர் பாயும் தோட்டத்தைக் கேட்பதற்கு முன்னால், பூங்காக்களில் ஏற்கெனவே ஒதுக்கி முள் முளைத்துக் கிடக்கும் மனைகளைத் திரும்ப வாங்கட்டும்.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய குறை வேறு. அறிவிப்பெல்லாம் ஏக்கர் கணக்கில் வருகிறது, நம் ஊர் தொழிலோ சதுர அடி கணக்கில் நடக்கிறது. என் சித்தப்பா கணபதியில் இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்து ஜாப் ஒர்க், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குக் கடைந்து கொடுக்கும் வேலை செய்தவர். சுற்றிலும் வீடு வந்து சத்தம் என்று புகார் போனதால் மூன்று முறை ஷெட் மாற்றினார், ஒவ்வொரு முறையும் திரும்ப பவுண்டேஷன், திரும்ப த்ரீ பேஸ் லைன். ஒரு கம்பெனி ஐந்து மாதம் பில்லை இழுத்தடித்தது. சிறுதொழிலுக்குத் தரவேண்டிய பணத்தை 45 நாளுக்குள் தரச் சொல்கிறது சட்டம், கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. அவர் மாதிரி ஆள், பெரிய பூங்காக்கள் அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட்டில் ஏக்கர் வாங்குவாரா? அவருக்குத் தேவை எண்ணூறு சதுர அடி, நியாயமான வாடகை. சென்னை கிண்டியில் அரசின் சிறுதொழில் நிறுவனமான சிட்கோ அடுக்குமாடித் தொழிற்கூடம் கட்டியிருக்கிறது. அந்த மாதிரி இங்கே நிறைய வேண்டும்.

சரி, உங்கள் மெஷினுக்கு வருவோம். இப்போது மனை வேண்டாம் தம்பி. மெஷின் கடனோடு நிலக் கடனும் சேர்ந்தால் முதல் மந்தத்திலேயே மூச்சு முட்டும். குறிச்சியிலோ கணபதியிலோ ஒரு நாள் சுற்றிப் பாருங்கள். கடைந்த பீஸை டி.வி.எஸ். ஃபிப்டியில் போட்டுக்கொண்டு போனால் ஒரு தெருவில் ஹீட் ட்ரீட்மெண்ட், அடுத்ததில் கிரைண்டிங், அப்புறம் பிளேட்டிங், சாயங்காலத்துக்குள் கையில் வந்துவிடும். மெஷின் நின்றால் பக்கத்து ஷெட்காரரே எட்டிப்பார்த்துச் சரிசெய்து கொடுப்பார். நெடுஞ்சாலை ஓரத்துப் புதுப் பூங்காவில் ரோடு அகலமாக இருக்கும், ஆனால் இந்த அக்கம்பக்கம் அமைய வருடக்கணக்காகும்.

அதனால் முதலில் வாடகைக்கே போங்கள். ஆர்டர் ஒரே கம்பெனியை நம்பி இருக்க வேண்டாம், மூன்று பேரிடமாவது பிடியுங்கள். கரண்ட் நிலைக்கட்டணத்தையும் சேர்த்து மெஷின் ஒரு மணி நேரம் ஓட என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டு எனக்கு அனுப்புங்கள், சித்தப்பாவிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.