பழைய சவரக்கத்தி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அப்பப்பா பாவித்த ஷெபீல்ட் கத்தி. 8000 கல்லில் எவ்வளவு இழுத்தும் மயிரைப் பிடுங்குதே தவிர வழிக்குதில்லை. இன்னும் மெல்லிய கல் வாங்க வேணுமா? (திருகோணமலை நகர்)

வேண்டாம். இரு பக்கச் சரிவும் வாயில் (வெட்டும் விளிம்பில்) சந்திக்காதவரை எந்தக் கல்லும் பளபளப்பைத்தான் கூட்டும், கூர்மையை அல்ல. எங்களிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு இதுதான் பதில்.

1000 கல்லுக்கே (எண் குறைந்தால் மணி பெரிது) திரும்பிப் போங்கள். முதலில் கல்லைத் தட்டையாக்க வேண்டும். மேலே பென்சிலால் கட்டம் கீறி, கண்ணாடித் துண்டில் விரித்த 400 அரத்தாளில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கோடுகள் முழுதும் அழிந்தால் கல் தயார். கத்தியின் முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படிய, வாய் முன்னே போகும்படி தள்ளுங்கள். திருப்புவது முதுகின்மேல் உருட்டித்தான். முதுகின் தடிப்பும் கத்தியின் அகலமுமே கோணத்தைத் தீர்மானிக்கின்றன. பெரும்பாலும் 16 முதல் 18 பாகை. முதுகைத் தூக்கினால் அந்தக் கணக்குப் போய்விடும்.

பழைய ஆப்பு வடிவக் கத்திகளில் வாய் நேராக இருப்பது அபூர்வம். சரிவில் மார்க்கர் மை பூசி இரண்டு தரம் தள்ளிப் பாருங்கள். மை மிஞ்சிய இடத்தைக் கல் தொடவில்லை. அடியிலிருந்து நுனிக்கு குறுக்குவாட்டில் சாய்த்து இழுத்தால் அந்த இடமும் படும். முதுகு ஏற்கெனவே தேய்ந்திருந்தால் ஒரு சுற்று இன்சுலேசன் டேப் ஒட்டலாம். ஒட்டினால் கடைசிக் கல்வரை அதோடுதான் போகவேண்டும்.

வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். எங்காவது மின்னினால் அந்த இடம் இன்னும் மழுக்கம். கையிலுள்ள மயிரை அடி முதல் நுனிவரை ஒரே மாதிரி வழித்த பிறகே 4000, 8000.

மச்சான் பெல்ஜியத்திலிருந்து மஞ்சள் கல் அனுப்பினவர். எண்ணெய் விட்டோ தீட்டுறது? (கிண்ணியா)

தண்ணீர் மட்டும். அது ஆர்டென் பகுதியில் எடுக்கும் கொட்டிகூல். அதன் உள்ளே நுண்ணிய கார்னெட் மணிகள் இருக்கின்றன. தண்ணீர் விட்டுச் சிறு துணைக்கல்லால் தேய்த்துப் பால் (கல் தூள் கலந்த நீர்) எடுத்தால் அவை வெளிவந்து இரும்பை வேகமாகத் தின்னும். 1000 கல்லில் சரிவு அமைந்த கத்தியை மெல்லிய பாலில் 20, 30 தரம் இழுத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் சேர்த்து, மறுபடி இழுங்கள். இப்படியே நீர்த்துக்கொண்டு போய், கழுவிய கல்லில் வெறும் தண்ணீரோடு 50 தரம் இழுத்து முடியுங்கள்.

நம்மூர் வெயிலில் பிழை விடுவது இங்கேதான். ஃபேனுக்குக் கீழே தண்ணீர் சட்டென்று வற்ற, நீர்த்த பால் மறுபடி தடித்துவிடும். தடித்த பாலில் மணிகள் வாயில் மோதி மழுக்கும். பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைத்து அடிக்கடி சொட்டு விடுங்கள். கடைசியாகத் தோல் வாரில் 50 தரம், இம்முறை முதுகு முன்னே. வார் தொய்ந்தால் வாய் உருண்டுவிடும்.

கரையில் கிடக்கிற வழுவழுப்பான கல் சரிவருமா? (நிலாவெளி)

அரிவாளுக்குச் சரி. அலை மேற்பரப்பைத்தான் வழுக்கியிருக்கிறது, உள்ளே மணி பெரிது. இலங்கையின் பெரும்பகுதி கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மீள்படிகமான பாறை; மணி பெருத்தது அதனால்தான். சவரக்கல்லுக்கு வேல்ஸ், ஜெர்மனியின் துரிங்கியா போன்ற இடங்களின் நுண்மணிப் பலகைக்கல் வேண்டும். கைச்செலவு குறைவென்றால் சீனாவின் குவாங்சிக் கல். முடிப்புக்கு நல்லது, ஆனால் மிக மெதுவாகத்தான் வெட்டும்.

ஆமையோட்டு நிறப் பிடி. பிடிக்குள் மடியும் பகுதி மட்டும் திரும்பத் திரும்பத் துருப்பிடிக்குது. கடற்காற்றோ? (மூதூர்)

கடற்காற்று என்றால் வெளியே நிற்கும் வாலும் துருப்பிடித்திருக்கும். பிடி செலுலாய்டாக (பழைய வகைப் பிளாஸ்டிக்) இருக்கும். அது சிதையும்போது அமில ஆவி விடும். மடித்து வைத்த கத்தி அந்த ஆவியிலேயே கிடக்கிறது. எண்ணெய் இதைத் தடுக்காது, பிடியைக் கழற்றுங்கள். ஆணியின் தட்டிய தலையை அராவி, மெல்லிய கம்பியால் தள்ளி எடுக்கலாம். செலுலாய்ட் பக்கென்று பற்றும், நெருப்பருகே வைக்காதீர்கள். அதே பெட்டியில் உள்ள மற்றக் கத்திகளையும் பாருங்கள்.

துருவை எண்ணெய் தொட்டு 600, 1000, 2000 அரத்தாளால் கையாலேயே எடுங்கள். மெஷின் பஃப்புக்குக் கொடுத்தால் மெல்லிய வாய் நொடியில் சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இரும்பில் கூர் நிற்காது, தீட்டி மீட்கவும் முடியாது. பிறகு 10 மடங்கு உருப்பெருக்கியில் வாயைப் பாருங்கள். குழி வாய்வரை வந்திருந்தால், தீட்டத் தீட்ட அது பல்லாகத் திறக்கும். அந்தக் கத்தி அலுமாரிக்குத்தான்.

புதுப் பிடிக்கு உடைந்த தளபாடத்தின் முதிரைத் துண்டு நல்லது. 3 மில்லிமீற்றர் தடிப்பு, 1.6 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பி, இரு பக்கமும் வாசர். ஆணித் தலையை மெல்ல மெல்லத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் பலகை வெடிக்கும்.

வாடைக்காலத்தில் தேங்காய் எண்ணெய் பூசி வைக்கலாமா? (உப்புவெளி)

நாளாக அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், நன்னீரில் கழுவி நன்றாகத் துடைத்த பின். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், குளியலறையும் கூடாது.

சலூனில் வாடிக்கையாளருக்குப் பாவிக்கலாமா? (தம்பலகாமம்)

கூடாது. ஹெப்பற்றைற்றிஸ் பி, சி இரத்தத்தால் பரவும்; ஆளுக்கொரு புது பிளேட் போடும் கத்தியே சரி. இரண்டாங்கையாக வாங்கியதை உங்களுக்கே பாவிப்பதென்றாலும் முதலில் சவர்க்காரத்தில் கழுவி, 70 வீத அற்ககோலில் துடைத்தெடுங்கள். பிளீச் ஊற்ற வேண்டாம், இரும்பை அரித்துவிடும்.