துப்பாக்கிச் சூட்டு வழக்கில் கைதானவர் 90 நாளில் வெளியே வந்தால் விடுதலையா?

இல்லை, அது கட்டாய ஜாமீன். குற்றப்பத்திரிகை போடாமலே ஒருவரைச் சிறையில் வைத்துக்கொண்டு போலீஸ் இழுத்தடிக்கக் கூடாது என்பதற்காகச் சட்டம் வைத்த கெடு. கொலை போன்ற பெரிய குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60. கைதான நாளிலிருந்து அல்ல, நீதிபதி ரிமாண்ட் செய்த, அதாவது காவலில் வைக்க உத்தரவிட்ட நாளிலிருந்து கணக்கு. கெடு தாண்டியதும் அவர் மனுப் போட்டுப் பிணை கொடுத்தால் நீதிமன்றம் மறுக்க முடியாது. மனுவுக்கு முன்பே குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போச்சு!

சோமனூர் விசைத்தறியில் சொன்ன தேதிக்குத் துணி இறங்காவிட்டால் தறியில் ஏற்றிய பாவு நூலையா அறுத்துப் போடுகிறார்கள்? தறி ஓடிக்கொண்டுதான் இருக்கும். வழக்கும் அப்படியே நடக்கும்.

“காசைக் கொடுத்து வந்துட்டானுங்கண்ணா” என்று கோவை பேக்கரிகளில் டீ ஆறுவதற்குள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இந்த ஜாமீனில் அவர் குற்றவாளியா, நிரபராதியா என்பதை நீதிபதி பார்ப்பதே இல்லை, காலண்டரைத்தான் பார்க்கிறார்.